சுவருக்குள் இருந்த செலவு

நுவரெலியாவில் ஏப்ரல் மாதத்தில் அறையைப் பூட்டி வைப்பவனை யாரும் வியாபாரி என்று சொல்லமாட்டார்கள். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், வேன் வேனாக வந்து இறங்கும் குடும்பங்கள் என்று அந்த நகரம் வருடம் முழுவதும் காத்திருப்பதே அந்தச் சில வாரங்களுக்காகத்தான். அதிலும் 2024 ஆம் ஆண்டு நோன்புப் பெருநாளும் சித்திரைப் புத்தாண்டும் ஒரே வாரத்தில் வந்தன. கேட்ட விலைக்கு அறை போகும் காலம். அந்த வாரத்தில்தான் நானும் எனது நானாவும் சேர்ந்து நடத்தும் சிறிய பங்களாவில், இருக்கும் நான்கு அறைகளில் இரண்டைப் பூட்டி வைத்தோம்.

"என்ன, உங்களுக்கு உழைத்தது போதுமா?" என்று கேட்ட நண்பர்களுக்கு அப்போது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. இந்தப் பத்தியில் வழமையாக மற்றவர்களின் தொழில் அனுபவங்களைத்தான் எழுதி வருகிறேன். இம்முறை என்னுடையதை எழுதுகிறேன். பெருமைப்பட அதில் ஒன்றுமில்லை. ஆனால் பழைய கட்டடம் ஒன்றில் தொழில் நடத்தும் வாசகர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படும் என்று நம்புகிறேன்.

மின்பட்டியல் காட்டிய வழி

எங்கள் பங்களா வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் துரை ஒருவருக்காகக் கட்டப்பட்டது. கீழே ஒரு பெரிய மண்டபம், இரண்டு அறைகள். மேல்மாடியில் இரண்டு அறைகள். மண்டபத்தில் கருங்கல்லால் கட்டிய திறந்த கணப்படுப்பு. அதிலிருந்து புறப்படும் செங்கல் புகைபோக்கி மேல்மாடி அறைச் சுவருக்குள்ளால் ஏறிக் கூரைக்கு மேலே போகிறது. நாங்கள் வாங்கிய காலத்தில் அந்த அடுப்பு வெறும் அலங்காரமாகவே இருந்தது. அதற்குள் பூச்சாடி வைத்திருந்தோம். குளிருக்கு அறைக்கு ஒரு மின்சார ஹீற்றர்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி அதிகாலைகளில் புல்லில் உறைபனி விழும். 2,000 வோற்று ஹீற்றர் ஒன்று இரவில் எட்டு மணித்தியாலம் விடாமல் வேலை செய்தால் 16 அலகு. நான்கு அறைக்கு 64 அலகு. இது ஒரு இரவுக்கு மட்டும்.

2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு வந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். அதே ஆண்டு ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தன. அந்த மாதத்துப் பட்டியலைப் பார்த்துவிட்டு நானா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பின்னர் 2024 இல் கட்டணம் குறைக்கப்பட்டது என்பது வேறு விடயம். அன்று எங்களுக்கு ஒரு மாற்று வழி தேவைப்பட்டது.

அப்போதுதான் இரும்பினால் செய்த, கண்ணாடிக் கதவுள்ள விறகு அடுப்பைப் பற்றி அறிந்தேன். திறந்த கணப்படுப்பில் எரியும் விறகின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். அறையில் தங்குவது நான்கில் ஒரு பங்கு இருந்தாலே பெரிய காரியம். மூடிய இரும்பு அடுப்பில் இது தலைகீழ். நான்கில் மூன்று பங்கு வரை அறைக்குள்ளேயே நிற்கும். கதவுக்குள் நெருப்பு ஆடுவதைப் பார்க்க விருந்தினருக்கும் பிடிக்கும். படம் எடுத்துப் போட்டால் புக்கிங் வரும். எல்லாப் பக்கத்தாலும் இலாபம் என்று தோன்றியது.

2023 நவம்பரில் 3 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா கொடுத்து அடுப்பை வாங்கினேன். அதனுடன் வந்த கைநூலில் ஒரு பக்கம் முழுவதும் படம் போட்டு எழுதியிருந்தது: பழைய செங்கல் புகைபோக்கியில் இதைப் பொருத்துவதானால், உள்ளே உருக்கினாலான உட்குழாய் ஒன்றை அடியிலிருந்து உச்சி வரை இறக்க வேண்டும். தொழிலில் இதற்கு 'லைனர்' என்று பெயர். விலை விசாரித்தேன். இணைப்பு உறுப்புகளோடு மூன்றரை இலட்சத்துக்கும் மேல். அடுப்பைவிடக் கூட.

அடுப்பைப் பொருத்த வந்தவர் சிரித்தார். "அதெல்லாம் வெளிநாட்டுச் சட்டத்துக்கு எழுதுறது. இவ்வளவு பெரிய சிம்னி இருக்கு. குழாயை உள்ள விட்டா புகை தானாப் போகும்" என்றார். அவரைக் குறை சொல்லி நான் தப்பிக்க விரும்பவில்லை. கைநூலின் அந்தப் பக்கத்தை வாசித்தவன் நான். வாசித்துவிட்டு மடித்து மேசை லாச்சிக்குள் போட்டவனும் நான்தான். அடுப்பு விருந்தினரின் கண்ணுக்குத் தெரியும்; அதற்குச் செலவழித்தேன். லைனர் சுவருக்குள் இருக்கும். யார் பார்க்கப் போகிறார்கள்?

ஜனவரி இரவு

2024 ஜனவரியில் கண்டியிலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. கணவன், மனைவி, அவரது வயதான உம்மா, ஏழு வயதுப் பிள்ளை. பெரியவர்கள் இருவரும் கீழறையில். உம்மம்மாவும் பேத்தியும் மேல்மாடியில், புகைபோக்கிச் சுவரை ஒட்டிய அறையில். நல்ல குளிர். யன்னல்கள் எல்லாம் இறுகச் சாத்தியிருந்தன.

அந்த நாட்களில் நான் ஊழியர்களுக்கு ஒரு கட்டளை போட்டிருந்தேன். இரவு பத்து மணிக்கு அடுப்பில் பெரிய கட்டையொன்றைப் போட்டு, காற்று வரும் துவாரத்தை ஏறக்குறைய மூடிவிட வேண்டும். கட்டை கனன்று கனன்று விடியும் வரை இருக்கும். விறகு மிச்சம்.

அதிகாலையில் பிள்ளை வாந்தி எடுத்தது. உம்மம்மாவுக்குத் தாங்க முடியாத தலைவலி, எழுந்து நடக்கத் தள்ளாட்டம். கீழே கூட்டி வந்து விறாந்தையில் உட்காரவைத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார்கள். இராச் சாப்பாட்டுக் கோழிக்கறிதான் காரணம் என்று எல்லோருமாக முடிவு செய்தோம். மன்னிப்புக் கேட்டு, கட்டணத்தில் பாதியைக் குறைத்து அனுப்பினேன். அவர்கள் போனபின் எங்கள் கோக்கியைக் கூப்பிட்டேன். கிழக்கு மாகாணத்துக்காரர், ஐம்பது வயது தாண்டியவர். எல்லோரும் அவரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். "தம்பி, அந்தக் கறியைத்தான் நானும் சாப்பிட்டேன். கீழ படுத்த ரெண்டு பேரும் சாப்பிட்டாங்க" என்றார். நான் கேட்கவில்லை. இரண்டு கிழமை சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பினேன்.

அவர் சொன்ன அந்த ஒரு வசனத்தில் முழு விடையும் இருந்தது. ஒரே கறியைச் சாப்பிட்டவர்களில் மேலே படுத்தவர்களுக்கு மட்டும் ஏன் வருத்தம் வந்தது என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

அலுமாரிக்குள் வந்த புகை

பெப்ரவரி தொடக்கத்தில் விறகு இறக்குவதற்கு ஒரு முதியவர் வந்தார். வாலிப வயதில் தோட்டத்துப் பங்களாக்களில் அப்புவாக வேலை செய்தவர். மேல்மாடிக்கு விறகுக் கூடை கொண்டு போனவர், சுவரைப் பார்த்துக்கொண்டே நின்றார். வெள்ளைச் சுவரில் கபில நிறத்தில் ஒரு கறை, ஈரம் கசிந்ததுபோல் கீழே இறங்கியிருந்தது. மழைநீர் என்று நினைத்து இரண்டு தடவை பெயின்ட் அடித்திருந்தோம்.

"மொதலாளி, இது மழத்தண்ணி இல்ல. சிம்னி அழுவுது" என்றார். விரலால் தொட்டு முகர்ந்து பார்த்து என்னிடமும் நீட்டினார். தார் வாசனை. "தொரைமாரு காலத்துல வருசா வருசம் சிம்னி தட்டாம நெருப்பு மூட்டவே மாட்டாங்க."

அவர் சொன்னபடியே ஒரு சோதனை செய்தோம். அடுப்புக் குழாயைக் கழற்றி, புகைபோக்கியின் அடியில் ஈரமான யூக்கலிப்டஸ் இலைகளைப் புகையவிட்டோம். கூரையில் ஏறிய பையன் உச்சியை நனைத்த சாக்கால் மூடினான். நாங்கள் மேல்மாடி அறையில் நின்றோம். சில நிமிடங்களில் அலுமாரியின் கதவிடுக்கால் புகை வந்தது. அலுமாரியைத் திறந்தால், பின்பலகைக்கு அப்பாலிருந்து மெல்லிய நூல்களாகப் புகை வந்துகொண்டிருந்தது. அந்த அலுமாரிக்கு ஒரு முழம் தள்ளித்தான் கட்டில். அந்தக் கட்டிலில்தான் அந்த உம்மம்மாவும் பிள்ளையும் படுத்திருந்தார்கள்.

என் கை கால் நடுங்கியது. கோழிக்கறி அல்ல. காபனோரொட்சைட்டு.

இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுடன் இது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான இறுக்கத்தோடு பிணைந்துகொள்ளும். தலைவலி, தலைச்சுற்று, வாந்தி என்று தொடங்கும். சளிக்காய்ச்சல், உணவு நஞ்சானது என்றே பார்ப்பவர் நினைப்பர். வெளிக்காற்றுக்கு வந்ததும் குறைவதும், ஒரே அறையில் இருந்தவர்களுக்கு ஒன்றாக வருவதுமே அடையாளம். இதய நோயாளிகளுக்கும் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஆபத்து அதிகம். தூக்கத்திலேயே உயிர் போய்விடலாம்.

எப்படி நடந்தது?

பழைய புகைபோக்கிகள் பெரிய திறந்த நெருப்புக்காகக் கட்டப்பட்டவை. உட்பக்கம் ஏறத்தாழ ஒன்பது அங்குலச் சதுரம் அல்லது அதைவிடப் பெரிது. உட்சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசியிருப்பார்கள். மாட்டுச் சாணம் கலந்து பூசும் வழக்கமும் இருந்தது. இங்கிலாந்திலேயே புதிய வீடுகளின் புகைபோக்கிகளுக்கு உட்குழாய் கட்டாயம் என்று விதி வந்தது 1960களின் நடுப்பகுதியில்தான். அவர்கள் இங்கே கட்டிய பங்களாக்கள் அதற்கு மிகவும் முந்தியவை. புகையும் மழையும் தின்று சாந்து உதிர்ந்து, செங்கற்களுக்கு இடையில் இடைவெளி விழுந்துவிடும்.

திறந்த நெருப்பு எரியும்போது நிறையச் சூடான காற்று மேலே பாயும். இழுவை பலமாக இருக்கும். அப்போது சுவரில் வெடிப்பு இருந்தாலும், அறைக் காற்று வெடிப்பு வழியே புகைபோக்கிக்குள் இழுக்கப்படுமே தவிர, புகை வெளியே வராது. மூடிய அடுப்போ குறைந்த காற்றில் எரிவது. அதிலிருந்து வரும் புகையும் குறைவு. அந்தச் சிறிதளவு புகை பெரிய, குளிர்ந்த செங்கல் பாதையில் ஏறும்போது பாதி வழியிலேயே குளிர்ந்து போகும். அதிலுள்ள நீராவியும் தாரும் சுவரில் படியும். இழுவை தளரும். தளர்ந்தால், வெடிப்பு வழியே புகை அறைக்குள் வரும்.

இதற்கு மேல் நான் செய்த இரண்டு காரியங்கள். ஒன்று, புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமலே அடுப்பைப் பூட்டியது. மேல்மாடி மட்டத்தில் புகைபோக்கிக்கு ஒரு வளைவு இருக்கிறது. அந்த வளைவில் உதிர்ந்த சாந்தும் பறவைக் கூடும் சேர்ந்து பாதையில் பாதியை அடைத்திருந்தன. இரண்டு, இரவில் காற்றை மூடச் சொன்ன கட்டளை. போதிய காற்றில்லாமல் கனலும் விறகிலிருந்துதான் காபனோரொட்சைட்டும் தாரும் அதிகமாக வரும். விறகுக் கட்டை ஒன்றை மிச்சம் பிடிக்கப் போய் இரண்டு உயிர்களோடு விளையாடியிருக்கிறேன்.

இரண்டு தொலைபேசி அழைப்புகள்

அன்றிரவு நானாவுக்கும் எனக்கும் வாக்குவாதம். "தம்பி, அவங்க கோழிக்கறியென்று நினைச்சிட்டுப் போயிட்டாங்க. சுகமாகவும் இருப்பாங்க. இப்ப நீயாகப் போய் வம்பை விலைக்கு வாங்கப் போறியா? இது நாலு இடத்தில பரவினால் ஏப்ரலுக்கு ஒருத்தரும் வரமாட்டாங்க" என்றார். அவர் கெட்ட மனிதரல்லர். அந்தப் பங்களாவில் எங்கள் வாப்பா விட்டுப்போன காணியின் காசு இருக்கிறது. இரண்டு குடும்பங்களின் சீவியம் இருக்கிறது. அவர் சொன்னதில் வியாபாரக் கணக்கு சரியாகவே இருந்தது.

ஆனால் அந்த உம்மம்மா இதய நோய்க்கு மருந்து எடுப்பவர். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு குளிசைப் பெட்டியைத் திறந்ததை நான் கண்டிருக்கிறேன். என்ன நடந்தது என்பது அவருடைய வைத்தியருக்குத் தெரியவேண்டும். மறுநாள் காலை கண்டிக்கு அழைத்தேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அந்தப் பக்கத்தில் நீண்ட மௌனம். பிறகு அவர் பேசியவற்றை இங்கே எழுத முடியாது. எழுதாவிட்டாலும், எனக்கு அவை தகும். மீதிக் கட்டணத்தையும் அவரது வங்கிக் கணக்கில் போட்டேன். ஒரு கிழமை கழித்து அவரிடமிருந்து அழைப்பு வந்தது. உம்மாவை வைத்தியரிடம் காட்டியதாகவும் பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். வாயுவைக் கண்டுபிடிக்கும் அலாரம் எங்கே வாங்கலாம் என்று விசாரித்தார். அவர்கள் வீட்டுக் குளியலறையில் எரிவாயுவில் தண்ணீர் சுடவைக்கும் கருவி இருக்கிறதாம்.

இரண்டாவது அழைப்பு காக்காவுக்கு. அது முதல் அழைப்பைவிடக் கடினமாக இருந்தது. அவர் வேலைக்குத் திரும்பி வந்தபோது நான் சம்பளத்தை வெட்டியதோடு, அவரிடம் கோழிக்கறி செய்யக் கொடுப்பதையும் நிறுத்தியிருந்தேன். மனம் நொந்து லீவு எடுத்து ஊருக்குப் போயிருந்தார். இரண்டு கிழமைச் சம்பளத்தைக் கொடுப்பது இலகு. ஊழியர்கள் எல்லோர் முன்னிலையிலும் சுமத்திய பழியை, அதே ஊழியர்கள் முன்னிலையில் திருப்பி எடுத்தேன். "சரி தம்பி, விடுங்க" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மூன்று வழிகள்

பழைய புகைபோக்கிக்குப் புதிய உட்பாதை போட மூன்று வழிகள் இருக்கின்றன.

முதலாவது, சுட்ட களிமண் குழாய்களை அல்லது எரிமலைக்கல் கலந்து வார்த்த குழாய்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுற்றிவர நிரப்புவது. நீண்டகாலம் நிலைக்கும். ஆனால் வளைவுள்ள புகைபோக்கியில் ஒவ்வொரு வளைவிலும் சுவரை உடைத்துத் திறக்க வேண்டும்.

இரண்டாவது, இறப்பர் பை போன்ற ஒன்றை உள்ளே இறக்கிக் காற்றடித்து, அதைச் சுற்றி இலேசான விசேட கொங்கிரீட்டை ஊற்றி, இறுகியபின் பையை உருவி எடுப்பது. அதற்கென்று பயிற்சி பெற்றவர்களும் கருவிகளும் தேவை.

மூன்றாவது, வளையக்கூடிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய். இரட்டைத் தகட்டால் ஆனது. வெளிப்பக்கம் நெளிவு, உட்பக்கம் வழுவழுப்பு. 316, 904 என்று இரண்டு தரங்களில் வருகிறது. 904 தரம் அமிலத்தைக் கூடுதலாகத் தாங்கும்; நிலக்கரி எரிப்பவர்களுக்கு அது நல்லது. நன்றாகக் காய்ந்த விறகுக்கு 316 போதும்.

முதலில் கொழும்பில் ஹோட்டல் சமையலறைகளுக்குப் புகைக்குழாய் செய்பவர் ஒருவரிடம் நேரான குழாய் செய்விக்கலாம் என்று பார்த்தேன். வளைவு இடம் கொடுக்கவில்லை. ஆகவே மூன்றாவது வழிதான். அடுப்பின் வாய் 150 மில்லிமீற்றர். குழாய் அதைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது. அதே அளவில் 10 மீற்றர் நீளக் குழாயை இறக்குமதியாளர் ஒருவர் மூலம் தருவிக்க ஒழுங்கு செய்தேன். ஏப்ரல் முடிவில்தான் வரும் என்றார்.

"அடுப்பை மூட்டாமல் ஏப்ரலை ஓட்டிவிடலாம்" என்றார் நானா. நியாயமான பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் கூரைக்கு மேலே ஏறிப் பார்த்த மேசன் பாஸ், புகைபோக்கித் தலையிலிருந்து இரண்டு செங்கற்களைக் கையாலேயே கழற்றிக் கொண்டு வந்து எங்கள் முன் வைத்தார். சாந்து மணலாகியிருந்தது. பலமான காற்றடித்தால் கூரையை உடைத்துக்கொண்டு மேலறைகளுக்குள் விழும். நானா அந்தச் செங்கற்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மேல் ரெண்டையும் பூட்டு" என்றார். அந்த அறைகளுக்கு வந்த முற்பணத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்தோம். கீழறைகளுக்கு வந்தவர்களிடம் அடுப்பு எரியாது என்று முன்கூட்டியே சொன்னோம்.

வேலை நடந்த விதம்

முதலில் மூங்கில் சாரம் கட்டி, புகைபோக்கித் தலையை நல்ல செங்கல் வரும் மட்டத்துக்கு இறக்கித் திரும்பக் கட்டினோம். சீமெந்து மட்டும் போட்டால் பழைய செங்கலோடு ஒத்துப்போகாமல் வெடிக்கும் என்று பாஸ் சுண்ணாம்பும் கலந்தார். பிறகு கம்பித் தூரிகையால் உச்சி முதல் அடி வரை சுத்தம் செய்தோம். இதைத் தவறவிடக் கூடாது. பழைய தாரை உள்ளே விட்டுக் குழாயை இறக்கினால், என்றோ ஒருநாள் அது தீப்பற்றலாம். புகைபோக்கிக்குள் தார் எரிந்தால் வெப்பம் 1,000 பாகை செல்சியஸைத் தாண்டும். எங்கள் வளைவிலிருந்து வந்த குப்பை மூன்று சாக்கு.

குழாய் மே முதல் வாரத்தில் வந்தது. அதன் மேலுறையில் அம்புக்குறி இருக்கும். புகை போகும் திசையை அது காட்டுகிறது. தலைகீழாக இறக்கினால் உள்தகட்டின் மடிப்புகளில் தார் தேங்கும். மேலிருந்து இரண்டு பேர் குழாயை இறக்க, அதன் நுனியில் கட்டிய கூம்பிலிருந்து வந்த கயிற்றைக் கீழிருந்து ஒருவர் இழுத்தார். வளைவில் ஒருதடவை சிக்கியது. பலமாக இழுத்தால் குழாய் கிழியும். பாஸ் அதை மெதுவாகத் திருப்பித் திருப்பி இறக்கினார். அரை மணித்தியாலம் யாரும் பேசவில்லை.

குழாயைச் சுற்றி வெப்பம் தாங்கும் கனிமக் கம்பளி சுற்றியிருந்தது. இது ஆடம்பரமல்ல. குழாய் சூடாக இருந்தால்தான் புகை குளிராமல் வேகமாக ஏறும். கீழே, கணப்படுப்பின் தொண்டையை உருக்குத் தகட்டால் மூடி, குழாயின் நுனியை அடுப்புக் குழாயுடன் பொருத்தி, தீத்தாங்கு சீமெந்தால் அடைத்தோம். மேலே தகடு, பிடி, மழைத் தொப்பி, பறவை வராத வலை. கடைசியில் திரும்பவும் புகைச் சோதனை. எல்லோரும் மேல்மாடி அலுமாரியைச் சுற்றி நின்றோம். கால் மணித்தியாலம் கழிந்தும் ஒன்றும் வரவில்லை.

கணக்கு

இது வியாபாரப் பத்தி. ஆகவே கணக்கையும் வைக்கிறேன். லைனரும் இறக்கிய கூலியும் 3 இலட்சத்து 65 ஆயிரம் ரூபா. தலை திரும்பக் கட்டியது 2 இலட்சத்து 40 ஆயிரம். அலாரங்கள் 40 ஆயிரம். இவை எப்படியும் செய்திருக்க வேண்டிய செலவுகள். அவற்றை நட்டம் என்று சொல்லமாட்டேன். மேலறைச் சுவரைத் திரும்பப் பூசியது 45 ஆயிரம். இரண்டு அறைகள், 22 ஆயிரம் ரூபா வீதம் 16 இரவுகள், 7 இலட்சத்து 4 ஆயிரம். ஆக, குறுக்கு வழியால் வந்த நட்டம் 7 இலட்சத்து 49 ஆயிரம். மிச்சம் பிடிக்க நினைத்த தொகையைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அந்த இரவு வேறுவிதமாக முடிந்திருந்தால் எந்தப் பேரேட்டில் அதை எழுதுவது?

2022 இல் எரிவாயு இல்லாத காலத்தில் எத்தனையோ பேக்கரிகளும் சாப்பாட்டுக் கடைகளும் பழைய விறகுப் போறணைக்கும் விறகு அடுப்புக்கும் திரும்பின. இன்றும் அப்படியே நடத்துபவர்கள் இருக்கிறார்கள். கடைக்கு மேல்மாடியில் ஊழியர்கள் படுக்கிறார்கள். அவர்களுக்காகச் சில குறிப்புகள்:

1. பல வருடம் சும்மா கிடந்த புகைபோக்கியில் சுத்தம் செய்யாமலும் புகைச் சோதனை செய்யாமலும் நெருப்பு மூட்டவேண்டாம். அதன்பிறகு வருடத்துக்கு ஒருமுறையாவது சுத்தம் செய்யுங்கள்.

2. புகைபோக்கிச் சுவரில் கபில நிறக் கறையோ தார் வாசனையோ இருந்தால் பெயின்ட் அடித்து மறைக்கவேண்டாம்.

3. விறகின் ஈரப்பதன் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கவேண்டும். பச்சை விறகின் எடையில் பாதியளவு நீராகவும் இருக்கலாம். பிளந்து, மழை படாமல், காற்றுப்பட ஒரு வருடமாவது அடுக்கி வையுங்கள். ஈரம் அளக்கும் சிறிய கருவி கடையில் கிடைக்கிறது.

4. இரவு முழுவதும் காற்றை மூடிக் கனலவிடாதீர்கள். சிறு நெருப்பாயினும் சுவாலையோடு எரியட்டும். அறையில் காற்று வரும் துவாரத்தையும் அடைக்கவேண்டாம்.

5. அடுப்பிருக்கும் இடத்திலும், புகைபோக்கி கடந்துபோகும் ஒவ்வொரு படுக்கையறையிலும் காபனோரொட்சைட்டு அலாரம் வையுங்கள். புகை அலாரம் வேறு, இது வேறு. இதற்கு ஆயுள் உண்டு. பின்பக்கத்தில் எழுதியிருக்கும் திகதி கடந்தால் மாற்றவேண்டும்.

6. ஒரே அறையில் படுத்த இரண்டு பேருக்கு ஒன்றாகத் தலைவலி வந்தால், சாப்பாட்டைக் குறை சொல்லுமுன் எல்லோரையும் வெளியே கூட்டிச் செல்லுங்கள். நெருப்பை அணைத்து, வைத்தியசாலைக்குப் போய், சந்தேகத்தைச் சொல்லுங்கள்.

இப்போது எங்கள் அடுப்பு காக்காவின் பொறுப்பில் இருக்கிறது. அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பின்னேரம் ஆறு மணிக்கு மூட்டுவார். பத்து மணிக்குப் பிறகு விறகு போடமாட்டார். நான் கட்டளை போட்டாலும் கேட்கமாட்டார் என்று நினைக்கிறேன். சனிக்கிழமை தோறும் அலாரங்களின் பொத்தானை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பதும் அவர்தான்.

சுவரில் இருக்கும் அந்த வெள்ளைப் பெட்டி என்னவென்று விருந்தினர் சிலர் கேட்பார்கள். நடந்ததைச் சொல்கிறேன். ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்திருக்கிறார்கள். மற்றவர்கள் மேலே போய், கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இருப்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டு வந்து, அடுப்புக்கு முன்னால் உட்காருகிறார்கள்.